மதலேன் அடிக்காமல் விட்ட மணி

மதலேன் நடந்து போய் அந்தக் குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறார்கள். ஏரிக்கு ஓடுவாள், கோயிலுக்கு ஓடுவாள், இறால் எடுக்க வரும் ஐஸ் வண்டிக்கு ஓடுவாள். பாதி வழியில் அடுப்பில் வைத்த குழம்பு ஞாபகம் வந்து, "ஐயோ மாதாவே!" என்று வீட்டுக்குத் திரும்பி ஓடுவாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே அவள் புருஷன் இன்னாசி தன் கூட்டாளிகளிடம், "எனுக்குப் பொண்டாட்டி வரல, புயல் வந்து கீது" என்று சொல்லிவிட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவைத் தாண்டிப் போனால் வருகிற சின்ன வேதக்காரக் குப்பம் அது. ஏரியைப் பார்த்தபடி ஒரு மாதா கோயில். பழவேற்காட்டிலிருந்து சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் படகேறி வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் குப்பத்துக்குக் கோயில் என்றால் அந்த மணிதான். காலை, உச்சி, அந்தி என்று மூன்று வேளையும் திரிகால செபத்துக்கு அடிக்கும். முதலில் மூன்று அடி, ஒரு செபம் சொல்லும் நேரம் நிறுத்தி மூன்று, மறுபடி நிறுத்தி மூன்று, கடைசியில் விடாமல் ஒன்பது. முதல் அடி காதில் விழுந்ததும் ஏரியில் இருக்கிற அத்தனை ஆம்பளைகளும் கையில் இருந்ததை அப்படியே நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, படகில் எழுந்து நின்றுவிடுவார்கள். ஒன்பதாவது அடி ஓய்ந்த பிறகுதான் துண்டு தலைக்கு ஏறும், வலை கைக்கு வரும்.

எழுபத்தாறாம் வருஷம் வரைக்கும் மணியடித்தவர் ராயப்பர். முழங்கால் வலி தாங்காமல் அவர் அனுப்பம்பட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வர யாரும் தயாராக இல்லை. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஒரு நாள் பிந்தினால் ஊரே கேள்வி கேட்கும். அப்படிப்பட்ட வேலைக்கு, பூசை முடிந்த கையோடு, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள் மதலேன்.

"நான் அடிக்கறேன் சாமி."

ஊர் நாட்டார் சந்தியாகு திரும்பிப் பார்த்தார். ஏரியில் பெரிய வலை வைத்திருப்பவர், குப்பத்தில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. "பொம்பள எங்கனா மணி அடிப்பாளா?" என்றார்.

சாமியார் சிரித்தார். "மாதாவுக்குத்தானே அடிக்கிறோம். மாதாவுக்கு ஆட்சேபணை இருக்காது."

மறுநாள் உச்சிக்கு மதலேன் முதல் தடவையாகக் கயிற்றை இழுத்தாள். மணி 'டங்' என்றது. அவள் கழுத்தை நீட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூரத்தில், ஏரி முழுக்க, ஒவ்வொரு படகிலும் ஒரு தலை நிமிர்ந்தது, ஒரு துண்டு அவிழ்ந்தது. சந்தியாகு மாமாவின் துண்டு உட்பட! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. அந்தச் சிலிர்ப்பில் பக்தி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நமக்கு வேண்டாம். மாதா பார்த்துக்கொள்வாள். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது மதலேன், "எல்லாரும் நின்னாங்கயா! நீ கூட நின்னே, நான் பாத்தேன்" என்றாள்.

"மணிக்கி நின்னேன்மே, உனுக்கில்ல."

"கயிறு யார் கையில இருந்துச்சு?"

இன்னாசி சோற்றைப் பிசைவதில் மும்முரமானான்.

எல்லாம் சந்தோஷமாகத்தான் போனது. சிக்கல் உச்சி மணியில் வந்தது. குப்பத்துப் பெண்கள் இறால் பிடிப்பது கையால். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி குனிந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவித் தடவி, அகப்பட்ட இறாலை, இடுப்பில் கயிறு கட்டி மிதக்கவிட்ட ஓலைக்கூடையில் போட வேண்டும். நீர் வற்றும் நேரம்தான் இறாலுக்கு நேரம். மாசத்தில் பாதி நாள் அந்த நேரம் உச்சியில் வந்து விழும். எல்லாப் பெண்களும் கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டிருக்கையில் மதலேன் மட்டும் தண்ணீரை விட்டு எழுந்து, ஈரப் புடவையோடு மணலில் ஓடி, கோயிலில் மணியடித்துவிட்டுத் திரும்ப ஓடி வருவாள். வந்து குனிவதற்குள் இறால் வேறு இடம் பார்த்துப் போயிருக்கும்.

அவளோடு இறால் தடவ வருகிறவள் எல்லம்மா. பக்கத்துக் குப்பத்துக்காரி, கங்கையம்மனைக் கும்பிடுகிறவள், மதலேனை விட நாலைந்து வயசு சின்னவள், வாய் மட்டும் பெரிசு.

"யக்கா, உங்க மாதாகிட்ட சொல்லி இறாலயாவது கொஞ்சம் நிக்கச் சொல்லேன். ஆம்பளைங்கல்லாம் நிக்கறாங்க, இறாலுக்கு இன்னா கேடு?"

"அதுங்க வேதத்துல சேரலடி" என்றாள் மதலேன். சிரித்தாளே தவிர மனசுக்குள் கரித்தது. கூடை பாதிதான் நிறைந்தது. வீட்டில் இன்னாசி ஒரு நாள் கேட்டும் விட்டான்.

"மணிய வேற யார்னா அடிக்கட்டுமே."

"இறால வேணா வுடறேன், மணிய வுட மாட்டேன்."

"இறால வுட்டுட்டா துன்றது இன்னாத்த? மணியயா?"

ராத்திரி செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். பாதி செபமாலையில் அந்த யோசனை வந்தது. வந்ததும் "அப்பாடி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். மீதி செபமாலையை அவள் எப்படி முடித்தாள் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவு அவசரம். தண்ணீரில் இருப்பவள் மணிக்கு ஓடுவானேன்? மணியின் கயிற்றைத் தண்ணீருக்குக் கொண்டுவந்துவிட்டால்?

அப்போதுதான் நைலான் கயிறு ஏரிக்கு வந்து ஊரெல்லாம் பரவியிருந்தது. பிய்ந்துபோன வலைகளிலிருந்து மிஞ்சிய துண்டுகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கி முடிச்சுப் போட்டாள். கோயில் மணியில் ஒரு நுனியைக் கட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மணலில் வரிசையாகக் கவட்டுக் கம்பு நட்டு, அதன் மேல் கயிற்றை ஓடவிட்டு, இறால் தடவும் இடத்தில் ஆழமாக ஊன்றிய ஒரு சவுக்குக் கழியில் மறுநுனியைக் கட்டினாள். பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாக அது ஊரின் குறுக்கே போயிற்று. முதல் நாள் இழுத்தபோது நைலான் மட்டும் நீண்டது, மணி அசையவே இல்லை. கூடியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதலேன் புடவையை வரிந்து கட்டி, கழியில் ஒரு காலை உதைத்து, பின்னால் சாய்ந்து முழு உடம்பையும் போட்டு இழுத்தாள்.

டங்!

எல்லம்மா தண்ணீரைக் கையால் அடித்துக் குதித்தாள். "அடிச்சிட்டா! யக்கா அடிச்சிட்டா!" கங்கையம்மனுக்கே மணியடித்தது போல் அவளுக்கு அவ்வளவு குதூகலம்.

அதற்குப் பிறகு மதலேனுக்குக் குறையே இல்லை. கழியின் நிழல் காலடிக்குள் சுருங்கினால் உச்சி. நிமிர்ந்து, முகத்தைத் துடைத்து, முக்காடு போட்டு, இழுப்பாள். தண்ணீரில் நின்றபடியே செபம் சொல்லுவாள். ஒன்பதாவது அடி அடங்கும்போது கை மறுபடி சேற்றில் இருக்கும். கூடை நிறைந்தது. ஊரில் சிலர் மட்டும், "சாமி காரியத்த இடுப்பு வரிக்கும் தண்ணில நின்னுனு செய்யலாமா?" என்று முணுமுணுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கயிற்றின் அடியில் குனிந்து போனார். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று எல்லம்மா சொன்னாள். அவள் சொன்னதை முழுக்க நம்புவதற்கில்லை.

கெட்ட காலம் இனாயத்துல்லா பாயின் படகு ரூபத்தில் வந்தது. பழவேற்காட்டிலிருந்து அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து கரையோரக் குப்பங்களில் விற்கிறவர், தங்கமான மனுஷர். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை காலை, பாய் விரித்து வேகமாகக் கரைக்கு வந்த அவருடைய படகின் பாய்மரம் மதலேனின் கயிற்றில் மாட்டிக்கொண்டது. படகு ஆட ஆட மணி அடிக்கிறது! மூன்றும் இல்லை, ஒன்பதும் இல்லை, கல்யாண வீட்டு மேளம் மாதிரி ஒரே அடி. "யா அல்லா, இன்னாடா இது!" என்று அவர் மரத்தை விடுவிக்க இழுக்க, மணி இன்னும் பலமாக அடித்தது.

அதே நேரத்தில் ஏரிக்குள் சந்தியாகுவின் பெரிய வலை பாதி இழுபட்டிருந்தது. உள்ளே மடவை மீன் கொத்துக் கொத்தாக. மணி கேட்டதும் என்ன வேளை என்று ஒருவனும் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், யோசிக்க விடுமா? அத்தனை பேரும் வலையைக் கைவிட்டு, துண்டை அவிழ்த்து, கண்ணை மூடி எழுந்து நின்றார்கள். சந்தியாகுவும் நின்றார். வலையின் மேல்கயிறு தொய்ந்தது. மடவைக்குத் துள்ளச் சொல்லித் தர வேண்டுமா? ஒன்று தாண்டியது, பின்னாலேயே மற்றதெல்லாம் தாண்டியது. இவர்கள் கண்ணைத் திறந்து பார்க்கும்போது வலையில் பாசியும் நாலு நண்டும் இருந்தன.

அன்று சாயங்காலம் சந்தியாகு கோயில் முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னார். "சாமியயும் தொழிலயும் ஒரே கயித்துல கட்டினா இப்படித்தான் ஆவும். ஞாயித்துக்கெழமை சாமியார் வரட்டும். கயிற அறுத்துட்டு மணிய வேற ஆள்கிட்ட குடுத்துடலாம். அது வரிக்கும்," ஆம்பளைகள் பக்கம் திரும்பினார், "மணி அடிச்சா எல்லாரும் எண்ணுங்க. மூணு மூணா சரியா வருதானு எண்ணிக்கினே நில்லுங்க. இன்னொரு தபா மடவைய வுட முடியாது."

மதலேன் அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். அவள் அப்படிப் போய் யாரும் பார்த்ததில்லை. இன்னாசிக்குக் கூட மனசு கேட்கவில்லை. "வுடுமே, வேற ஆள் அடிச்சாலும் மணி மணிதான்" என்றான். அவள் அழுதாள். மணியை விட வேண்டுமே என்று அழுதாள். மறுநாள் எழுந்து, இருக்கிற நாட்களையாவது ஒழுங்காக அடிப்போம் என்று வழக்கம்போல் ஓடினாள்.

வியாழக்கிழமை ஆம்பளைகள் எல்லாம் சேர்ந்து, மழையில் நிறைந்திருந்த ஏரிக்கு வழி விட, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டார்கள். ஏரி கடலுக்கு ஓடியது. கடலிலிருந்து இறால் ஏறி வந்தது. வெள்ளிக்கிழமை கடந்து சனிக்கிழமை, நீர் வற்றும் வேளையில் பெண்கள் இறங்கினால், அடடா, அது என்ன இறால்! சேற்றில் கை வைக்கிற இடமெல்லாம் துள்ளுகிறது. ஒரு கைக்கு நாலு, ஐந்து. பெண்கள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். நீர் வெளியே போகிற இழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடை நிறைந்த பெண்கள் ஐஸ் வண்டியைப் பிடிக்கக் கரையேறி ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். எல்லம்மா போகவில்லை.

"இன்னும் ரெண்டு கை அள்ளினு வந்துடறேன்கா. இந்த மாதிரி இறாலு எப்ப வரும்?"

மதலேனும் போகவில்லை. கழியின் நிழல் சுருங்கிக்கொண்டு வந்தது. நாளைக்கு ஞாயிறு. இதுதான் அவளுடைய கடைசி உச்சி மணி. கை நிறைய இருந்த இறாலைக் கூடையில் உதறினாள். முக்காடு போட்டாள். ஒரு காலைக் கழியில் உதைத்தாள்.

டங். டங். டங்.

எதிர்ப்புறம் முகத்துவாரத்துப் பக்கம் படகுகளில் துண்டுகள் அவிழ்ந்தன. முதல் செபத்தைச் சொன்னாள்.

டங். டங். டங்.

இரண்டாவது செபம் பாதி சொல்லும்போது "யக்கா!" என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினாள். நேற்று வரை முழங்காலளவு இருந்த இடத்தில் ஓட்டம் அடியை அரித்து மடுவாக்கியிருந்தது. எல்லம்மா அதற்குள் கால் வைத்துவிட்டாள். இடுப்பில் கட்டிய கூடை தண்ணீர் மொண்டு முன்னால் இழுக்க, அவள் பின்னாலேயே போகிறாள், தலை முங்கி, எழுந்து, முங்கி. கழியைத் தாண்டி, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு நொடியில் போய்விடுவாள்.

மதலேனின் இரண்டு கையிலும் கயிறு இருந்தது. விட்டாள்.

பாய்ந்து எல்லம்மாவின் பின்னலைப் பிடித்தாள். அடுத்து மணிக்கட்டைப் பிடித்தாள். இழுப்பில் இரண்டு பேரும் சேர்ந்து போகப் பார்க்க, இடது கையைக் கழியில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். சவுக்குக் கழி முனகியது. "கூடய அறுடீ!" என்று கத்தினாள். எல்லம்மாவின் வாயில் தண்ணீர்தான் இருந்தது, கை கால் ஓயத் தொடங்கியிருந்தது. மதலேன் படகுகளைப் பார்த்துக் கூவினாள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, அவள் குரலைப் பிடித்து அவள் முதுகுக்குப் பின்னால் எறிந்தது. மணிச் சத்தம் போகும் அந்தக் காற்றில், மனுஷி சத்தம் போகாது.

கயிற்றின் நுனி அவள் முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. பல்லால் பிடித்துத் தொங்கினால் ஒரு அடியாவது அடிக்கும். வாயைத் திறந்துவிட்டாள். உடனே திங்கட்கிழமை அவள் கண் முன்னால் வந்தது, கண்ணை மூடி நின்ற ஆம்பளைகளும் வலையைத் தாண்டிப் போன மடவையும். அடித்தால் செபம் சொல்லுவார்கள்! மூன்றாவது வந்துவிட்டது என்று நிம்மதியாகக் கண்ணை மூடுவார்கள்! ஒன்பதுக்குக் காத்து நிற்பார்கள்!

வாயை மூடிக்கொண்டாள். "மாதாவே, இன்னிக்கி உனுக்கு மீதி பாக்கி, அப்புறம் தரேன்" என்றாள். எல்லம்மாவின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அங்கே படகில் ஆம்பளைகள் எண்ணிக்கொண்டு நின்றார்கள். மூன்று வந்தது. மறுபடி மூன்று வந்தது. துண்டு கையில் இருக்கிறது, உதட்டில் செபம் முடிந்துவிட்டது, அடுத்த மூன்றைக் காணோம். ஒருவன் ஒரு கண்ணைத் திறந்தான். இன்னொருவன் இரண்டையும் திறந்தான்.

"இன்னாடா, மூணாவது வரல?" என்றார் சந்தியாகு.

"மறந்துட்டாளா?" என்று ஒருவன் கேட்டான்.

"அவளா?" இன்னாசி படகு தள்ளும் கழியைக் கையில் எடுத்துவிட்டான். "அடுப்புல கொழம்ப மறப்பா. என்னிய மறப்பா. மணிய பாதில வுட மாட்டா மாமா. இன்னாமோ ஆயிடுச்சி!"

சந்தியாகு அவனை ஒரு கணம் பார்த்தார். வலையின் தலைக்கயிற்றை எடுத்துத் தண்ணீரில் வீசினார். உள்ளே அன்றைக்கும் மடவை இருந்தது. "தள்ளுங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். அந்த வயசில் அவர் கையிலும் ஒரு கழி இருந்தது. படகு வற்றும் நீருக்கு எதிராக நெஞ்சை உயர்த்திக்கொண்டு வந்தது. இன்னாசி முன்முனையில் நின்று, "மதலேனு! மதலேனு!" என்று கத்திக்கொண்டே தள்ளினான். சவுக்குக் கழி சாய்ந்துகொண்டிருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான், படகு சேருவதற்கு முன்பே குதித்தான். கத்தியால் கூடைக் கயிற்றை அறுத்தான். கூடை இறாலோடு கடலைப் பார்க்கப் போயிற்று. எல்லம்மாவை நாலு கைகள் சேர்ந்து படகில் ஏற்றிக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தின. தண்ணீராகக் கக்கினாள், இருமினாள், கண்ணைத் திறந்தாள்.

"எங் கூடை?" என்றாள்.

"கூடை போச்சு, நீ கீறே" என்றாள் மதலேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. எல்லம்மாவைக் கட்டிக்கொண்டாள், விட்டுவிட்டு இன்னாசியைக் கட்டிக்கொண்டாள், ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பே இல்லை. இன்னாசியும் விடவில்லை. அவள் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கழி உரசித் தோல் போயிருந்தது, அது கூட அப்போதுதான் எரிந்தது.

சற்று நேரம் கழித்துத்தான் அவள் கவனித்தாள். படகில் யாரும் உட்காரவில்லை. பின்னால் வந்து சேர்ந்த படகுகளிலும் உட்காரவில்லை. ஒருத்தர் தலையிலும் துண்டு இல்லை. சந்தியாகு ஒரு கையில் கழியும் ஒரு கையில் துண்டுமாக நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, இன்னா அப்படியே நிக்கறீங்க?"

"பின்ன? செபம் பாதில நிக்குதில்ல" என்றார் சந்தியாகு. "எம்மாம் நேரம் துண்ட கையில புடிச்சினு நிக்கறது? அடி, மிச்சத்த."

மதலேன் அவர் முகத்தைப் பார்த்தாள், தூரத்தில் இருந்த கோயிலைப் பார்த்தாள், சாய்ந்த கழியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பல நிறக் கயிற்றைப் பார்த்தாள்.

"கோயிலுக்கு ஓடட்டா மாமா? இல்ல..."

"எது கிட்ட கீதோ அதுல அடி."

இன்னாசி சாய்ந்த கழியைத் தோள் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். மதலேன் தண்ணீரில் இறங்கி, நனைந்த முந்தானையை முக்காடாகப் போட்டு, காயம் படாத கையால் கயிற்றைப் பிடித்தாள். படகில் சுருண்டு கிடந்த எல்லம்மாவும் எழுந்து உட்கார்ந்து, யார் சாமி என்றெல்லாம் பார்க்காமல் தலைமேல் முந்தானையை இழுத்துக்கொண்டாள். ஏரி முழுக்க எல்லாரும் காத்து நின்றார்கள். மதலேன் காலை உதைத்து, பின்னால் சாய்ந்து, முழு உடம்பையும் போட்டு இழுத்தாள்.

டங்.